விரல் விரிச்சாச்சா?

ஜனவரி 8, திங்கள்

வாஷிங் மெஷின் மறுபடியும் படுத்துவிட்டது. மெக்கானிக் "நாளைக்கு வந்தர்றனுங்க மேடம்" என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. அந்த நாளை எந்தக் காலண்டரில் இருக்கிறதோ. போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் கையாலேயே அலசிப் போட்டேன். இடுப்பு கழன்றுவிட்டது.

இன்று தியேட்டரில் ஒரு கை எடுத்தார்கள். ரைஸ் மில் பெல்ட்டில் மாட்டி, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கூழாகிவிட்டது. விரல்கள் மட்டும் முழுசாக இருந்தன, இறுக மூடிக்கொண்டு. சர்ஜன் வேதகிரி கத்தியைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கையை மரக்கவைப்பது என் வேலை. ஆளைத் தூங்கவைக்க வேண்டியதில்லை. நரம்புகள் கைக்குள் இறங்கும் இடத்தை ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியை நகர்த்தி, நரம்புகளைச் சுற்றி மருந்தை விட்டால் கை மட்டும் தூங்கும். ஆள் முழித்துக்கொண்டு நம்மிடம் கதை பேசுவார்.

ஊசிக்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்வேன். மூடியிருக்கும் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க, கையைச் சும்மா கிடக்க விடுவேன். அதற்குப் பிறகுதான் ஊசி. என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் நஸ்ரீன் இன்று கேட்டாள், "இது புக்ல எங்க மேடம் இருக்கு?"

"புக்ல இல்லை. சோமனூர் ஆறுச்சாமிகிட்ட இருக்கு" என்றேன்.

ஆறுச்சாமி தறிக்காரர். சில வருஷங்களுக்கு முன்னால் அவர் கையை எடுத்தபோது மரக்கவைத்தது நான். வலியில் விரல்களை முறுக்கிக்கொண்டிருந்தார், அவசரத்தில் அப்படியே ஊசி போட்டுவிட்டேன். கை மரத்துப்போனால் மனசு கடைசியாகப் பார்த்த நிலையிலேயே அதை வைத்துக்கொள்ளும். மருந்து இறங்கியதும் சரியாகிவிடும், கை இருந்தால். ஆறுச்சாமிக்கு இறங்கும்போது கை இல்லை. இல்லாத கை இன்றுவரைக்கும் மூடியே கிடக்கிறதாம். இல்லாத நகம் இல்லாத உள்ளங்கையில் குத்துகிறது என்று ஓ.பி.யில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். பிசியோதெரபி அறையில் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, நல்ல கையை விரித்து விரித்துக் காட்டி மனசை ஏமாற்றப் பார்த்தோம். அவருக்குப் பாதிதான் பலித்தது. எல்லாருக்கும் இப்படி வருமா என்றால் எனக்குத் தெரியாது. வரவேண்டாமே என்றுதான் விரிக்கிறேன்.

அன்றிலிருந்து புஷ்பம் சிஸ்டர் என் கையில் ஊசியைத் தருவதற்கு முன்னால் கேட்டுவிடுவார்: "விரல் விரிச்சாச்சா மேடம்?" வேதகிரிக்கு இதில் ஒரே கிண்டல். "கைரேகை பார்த்து முடிச்சிட்டீங்கன்னா நான் ஆரம்பிக்கலாமா?" என்பார். பேசட்டும். அந்த இல்லாத கைகளுடன் ஊருக்குப் போகிறவர் அவர் இல்லை.

துணி அலசும்போது துளசிமணி அண்ணி போன் செய்திருக்கிறார். கை முழுக்க சோப்பு, எடுக்கவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்தால் சாவா கல்யாணமா என்று கேட்டுக்கொண்டேதான் திருப்பிக் கூப்பிட வேண்டும். நாளை பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 10, புதன்

நான் திருப்பிக் கூப்பிடுவதற்குள் நேரிலேயே வந்துவிட்டார்கள். வரண்டாவில் இருமல் கேட்டதும் தெரிந்துவிட்டது, அண்ணன்தான். அந்த இருமல் பவுண்டரி மண் கொடுத்தது. சின்ன வயசில் வார்ப்படப் பட்டறைக்குப் போனவன், நெஞ்சு முழுக்க மண்தூசு.

வலது முன்கையை முழுக்கைச் சட்டைக்குள் பட்டன் போட்டு மறைத்திருந்தான். அண்ணிதான் பட்டனைக் கழற்றினார். உருகின இரும்பு தெறித்துச் சுட்ட பழைய தழும்பு, எனக்குத் தெரிந்ததுதான். அதன் நடுவில் காலிப்ளவர் மாதிரி ஒரு புண். நாற்றம்.

"அவகிட்டச் சொல்லு. இது அந்தச் சூட்டுக் காயம்தான். வரும், போகும். தேங்காண்ணெய் போட்டாச் சரியாயிரும்" என்றான் அண்ணன், என் மேஜைக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, அண்ணியைப் பார்த்து.

"எத்தனை நாளா ஆறாம இருக்குன்னு அவர்கிட்டக் கேளுங்க அண்ணி" என்றேன் நானும்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான உக்காந்திருக்கறீங்க? நடுவுல நான் என்ன ரேடியோவா?" என்று அண்ணி கத்தினார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

நான்கு வருஷமாக இப்படித்தான். அம்மாவை மூச்சு மிஷினில் போட்டு வாரக்கணக்கில் வைத்திருந்தோம். இனி ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டருக்குப் படித்தவள் வீட்டில் நான் ஒருத்திதான், அதனால் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "போதும்ணா, விட்டுரலாம்" என்றேன். அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரைக்கும் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை. திதிக்குப் போனால் "அவளுக்கு எலை போடு" என்று அண்ணியிடம் சொல்வான். பேசாவிட்டால் போகட்டும். எனக்கென்ன, இங்கே ஆயிரம் வேலை.

புண்ணிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன்.

ஜனவரி 13, சனி

ரிசல்ட் வந்தது. நினைத்ததுதான்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

காலையில் குக்கரில் ஒருபடியாகப் பொங்கல் வைத்து, முந்திரியை நிறையவே போட்டு, டப்பாவில் எடுத்துக்கொண்டு கணபதியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணனுக்கு முந்திரி பிடிக்கும் என்பதற்காக இல்லை. வீட்டில் இருந்தது, போட்டேன்.

விஷயத்தைச் சொல்லத்தான் போனேன். பண்டிகை அன்று சொல்லவேண்டாம் என்று அண்ணி கண்ணைக் காட்டினார். அண்ணனே கேட்டான், வாசலில் நின்ற கரும்பைப் பார்த்து: "கேன்சர்தானுன்னு சொல்லச் சொல்லு."

"ஆமா" என்றேன் கரும்பிடம்.

"கை போயிருமா?"

"முழங்கைக்குக் கீழே எடுக்கணும். அக்குள்ல பரவல. இப்ப எடுத்துட்டா உசுரு பத்திரம்."

கொஞ்ச நேரம் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். வார்ப்படம் போடுகிறவர்களில் இந்தக் கைக்குப் பேர் உண்டு. மண்ணை அழுத்தும்போதே அச்சு நிற்குமா உடையுமா என்று சொல்லிவிடுவான் என்பார்கள்.

"எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க" என்றான். பிறகு அண்ணியைக் கூப்பிட்டான். "மயக்கம் மட்டும் வேண்டாமுன்னு சொல்லு. இந்த நெஞ்ச வெச்சுட்டு மயக்கம் குடுத்தா மிஷின்ல போடுவாங்க. மிஷின்ல போட்டா அவ நிறுத்தீருவா."

அண்ணி "அய்யோ, என்ன பேச்சுங்க இது" என்று அவன் வாயைப் பொத்தப் போனார். நான் டப்பாவைத் திறந்து தட்டில் பொங்கலைப் போட்டேன். யார் சாப்பிட்டார்கள் என்று பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. பனிக்காலம் எனக்கு ஆகாது.

ஜனவரி 19, வெள்ளி

அண்ணனின் நெஞ்சுப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்தேன். அவன் பயந்ததில் தப்பே இல்லை. முழு மயக்கம் கொடுத்து மிஷினில் போட்டால் அதிலிருந்து இறக்குவது கஷ்டம். கையை மட்டும் மரக்கவைப்பதிலும் கழுத்துப் பக்கமாகப் போட்டால் மூச்சு இழுக்கும் தசையில் ஒரு பக்கம் சேர்ந்து மரத்துவிடும். மற்றவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இவனுக்குத் தாங்காது. அக்குள் வழியாகத்தான் போக வேண்டும்.

சொந்தக்காரர்களுக்கு நான் ஊசி பிடிப்பதில்லை. கை நடுங்கும் என்பதால் இல்லை, அது என் சட்டம். நஸ்ரீன் ஊசி பிடிக்கட்டும், நான் தலைமாட்டில் நின்று திரையைப் பார்த்து வழி சொல்கிறேன் என்று வேதகிரியிடம் சொன்னேன். முதல் தடவையாகக் கிண்டல் செய்யாமல் "சரிம்மா" என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மெக்கானிக் வந்தான். பெல்ட் அறுந்திருக்கிறதாம். பெல்ட் நாளைக்கு வருமாம்.

ஜனவரி 23, செவ்வாய்

அண்ணனை வார்டில் சேர்த்தாயிற்று. சாயங்காலம் எட்டிப்பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பட்டனைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். ஒரு பட்டன் ஏறும், அடுத்ததற்குப் போவதற்குள் இருமல் வரும், விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். வலது கை பக்கத்திலேயே மடியில் சும்மா கிடந்தது. அதுதான் வேலையை இடது கைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

உள்ளே போகவில்லை. அண்ணியிடம் ரசத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 24, புதன்

முடிந்தது. மூச்சு நன்றாக இருந்தது. நஸ்ரீன் தங்கம்.

ஜனவரி 26, வெள்ளி

இன்று லீவு. எழுதிவிடுகிறேன்.

தியேட்டரில் அவனைப் படுக்கவைத்து, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி, உள்ளங்கை தலைக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி வைத்தோம். அக்குளைத் திறக்க அப்படித்தான் வைக்க வேண்டும். நஸ்ரீன் அங்கே ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தாள். ரத்தக்குழாய் கறுப்பாக, வட்டமாகத் துடித்தது. அதைச் சுற்றி நரம்புகள், தேனடையை அறுத்த மாதிரி.

நான் தலைமாட்டில் நின்றேன். அண்ணன் கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அண்ணி இல்லை. கரும்பும் இல்லை.

"அம்மிணி" என்றான்.

பேச்சு நிற்பதற்கு முன்னால் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். யாரையோ கூப்பிடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

"பயமா இருக்குது அம்மிணி."

"நான் இருக்கேன்ல" என்றேன். அவன் வலது கை என் வயிற்றுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தேடியது. என் இடது கையை எடுத்து அதற்குள் வைத்தேன். பிடித்துக்கொண்டான். புண்ணுக்குக் கீழே இருந்தாலும் விரல்களில் பலம் அப்படியே இருந்தது, வார்ப்படக்காரன் பிடி. எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்தது.

நஸ்ரீன் ஊசிக்குக் கையை நீட்டினாள். புஷ்பம் சிஸ்டர் வழக்கம்போலக் கேட்டார், "விரல் விரிச்சாச்சா மேடம்?"

"ஆச்சு" என்றேன்.

நடுவில் பச்சைத் துணி இருந்தது. அவருக்குத் தெரியவில்லை. நஸ்ரீன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் கீழ போ. இன்னும். குழாய்க்குப் பின்னால ஒண்ணு இருக்கு பாரு, அதை விட்டுராத. நில்லு. இப்ப மருந்து விடு" என்று நான் வழி சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊசி நகரும்போதெல்லாம் அண்ணன் பிடி இறுகும். நரம்பைச் சுற்றி மருந்து பரவுவது திரையில் தெரிந்தது. ரொம்ப சுத்தமாகப் போட்டாள். நானே போட்டிருந்தாலும் அப்படி வந்திருக்காது.

"கை சூடாகுது... கனக்குது" என்றான். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பிடி தளர்ந்தது. தளர்ந்தது அவனுக்குத் தெரியவில்லை. சுண்டுவிரல் என் விரலிலிருந்து தானாகவே நழுவி விழுந்தது. பிறகு புஷ்பம் வந்து அந்தக் கையை எடுத்து நீட்டி, துணிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், மருந்து பூசித் துடைக்க ஆரம்பித்தார்.

அண்ணன் கேட்டான், "அம்மாளுக்கும் இப்பிடித்தான் மரத்துப்போயிருந்துருக்குமா?"

"இருக்கலாம்ணா."

"நான் புடிச்சுட்டு இருந்தது அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

நான்கு வருஷமாக அவன் மனசில் இருந்த கேள்வி இதுதான் போலிருக்கிறது. என்மேல் கோபம் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

"எனக்குத் தெரியுதே. நீ புடிச்சுட்டு இருக்கறது எனக்கு நல்லாத் தெரியுது" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் இரண்டு கையும் அப்போது அவன் மூக்கில் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தன.

"ஆமாண்ணா" என்றேன்.

அறுவை முடியும் வரைக்கும் பேசினான். தியேட்டரில் எல்லாரும் சிரிக்கிற மாதிரி பழைய கதைகள். நான் ஸ்கூல் பையில் ஓணானைப் போட்டுக்கொண்டு போன கதையை நஸ்ரீன் இனி ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள். எலும்பு வெட்டும் சத்தம் வந்தபோது மட்டும் நான் சத்தமாகப் பேசினேன்.

ஒரே ஒரு நாள்தானே. எல்லாருக்குமா ஆறுச்சாமி மாதிரி வருகிறது? வராது.

பிப்ரவரி 4, ஞாயிறு

வீட்டுக்கு அனுப்பியாயிற்று. புண் அழகாக ஆறுகிறது. தினமும் சாயங்காலம் அண்ணனே போன் செய்கிறான். இடது கையால் போனைப் பிடித்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிப் பேசுகிறான், பாதி நேரம் கீழே விழுந்துவிடுகிறது. "டொம்" என்று ஒரு சத்தம், அண்ணியின் திட்டு, பிறகு மறுபடி "அம்மிணி" என்பான்.

"கை வலிக்குதாண்ணா?"

"இல்லாத கை எங்க வலிக்கும்? நல்லா இருக்குது."

மெக்கானிக் பெல்ட் போட்டுவிட்டான். மெஷின் ஓடும் சத்தம் வீட்டில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு லோடு போட்டேன், இரண்டாவதில் அழுக்கே இல்லை.

பிப்ரவரி 17, சனி

இன்றும் போன் செய்தான். என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்டான். கீரை என்றேன். "தனியா இருந்தா ஒழுங்காச் சாப்புடறதில்ல நீ" என்று திட்டினான். நான்கு வருஷத் திட்டையும் சேர்த்துத் திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதினால் என்ன, கண்ணா பட்டுவிடும்? சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 2, சனி

இரண்டு நாளாகப் பேச்சில் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கிறது. பல்வலியாம்.

மார்ச் 8, வெள்ளி

அண்ணி ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்தார். மாத்திரை வாங்க வந்ததாகச் சொன்னார். மாத்திரை வாங்க யாரும் முகம் வீங்க அழுதுவிட்டு வருவதில்லை.

"உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எந்தலைல கை வெச்சு சத்தியம் வாங்கியிருக்காரு ரேணு" என்றார். "எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல. அவரு தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா? துண்ட வாயில வெச்சுக் கடிச்சுக்கறாரு. நேத்து அந்தக் கட்டுக் கையக் கொண்டுபோயி செவுத்துல இடிக்கறாரு. கேட்டா, புடிச்சுட்டு இருக்கறனாம். விட முடியலையாம்."

"என்னத்தப் புடிச்சுட்டு?"

அண்ணி என் இடது கையைத் தொட்டார். "இத."

அதற்குப் பிறகு அண்ணி என்னவெல்லாமோ சொன்னார். எனக்கு எதுவும் ஏறவில்லை. 'ஆச்சு' என்று நான் சொன்னதுதான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. ஊரில் உள்ள அத்தனை பேர் விரலையும் விரித்துவிட்டேன். என் அண்ணனுடைய விரலை விரிக்க எனக்கு மனசு வரவில்லை. நான்கு வருஷம் கழித்து அவன் தொட்டான், எனக்கு அது வேண்டியிருந்தது. அவனுக்காகப் பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்காகத்தான் பிடித்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

குளியலறைக் கண்ணாடியைத் திருகு கழற்றி, பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஆட்டோக்காரர் "குடி மாத்தறீங்களாக்கா?" என்று கேட்டார்.

என்னையும் கண்ணாடியையும் பார்த்ததும் அண்ணன் அண்ணியை முறைத்தான். அண்ணி சமையலறைக்குள் போய்விட்டார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன். வந்ததும் கத்தக் கூடாது என்று ஆட்டோவில் நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "நீயா வந்து புடிச்ச கை அது. அதப் போயி வலிக்குதுன்னு எப்பிடிச் சொல்றது அம்மிணி?"

கண்ணாடியை அவன் நெஞ்சுக்கு நேராக, இரண்டு கைக்கும் நடுவில் நிற்கவைத்தேன். வெட்டின கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. இடது கை முன்னால். கண்ணாடிக்குள் பார்த்தால் அதுவே வலது கையாகத் தெரியும். அண்ணன் எட்டிப்பார்த்தான். கண்ணாடிக்குள் அவன் வலது கை, விரலும் நகமுமாக முழுசாக இருந்தது. புண்கூட இல்லை. "அட" என்றான் சின்னப்பிள்ளை மாதிரி. அசைத்துப் பார்த்தான். அதுவும் அசைந்தது. அவன் உதடு கோணியது.

அன்று அவன் பிடித்தது என் இடது கை. அதனால் இப்போது வலது கையை நீட்டினேன். கண்ணாடிக்குள் அது இடது கையாக அவன் வலது கைக்குள் போய் உட்கார்ந்தது.

"இறுக்கிப் புடிண்ணா. அந்தக் கை எப்படிப் புடிச்சிருக்கோ அப்படியே."

பிடித்தான். அதே பிடி.

"இப்ப கண்ணாடியப் பாத்துட்டே ரெண்டு கையையும் சேத்து விடு."

விடவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெற்றியில் வியர்வை.

"விடுண்ணா."

"நீ அன்னைக்கும் இதத்தான சொன்னே" என்றான்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஆமா" என்றேன். "அன்னைக்கும் நாந்தான் சொன்னேன். அன்னைக்கு அம்மாவுக்கு வலிச்சுது. இன்னைக்கு உனக்கு வலிக்குது. வேற யாரு சொல்லுவா?"

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கண்ணாடியில் விழுந்து ஓடியது. நான் காத்திருந்தேன். பிறகு என் இடது கையால் அவன் கட்டைவிரலைத் தொட்டு விரித்தேன். ஆள்காட்டி விரலை விரித்தேன். மற்றவை தானாக வந்தன. கண்ணாடிக்குள் ஒரு முழு வலது கை மெதுவாகத் திறந்தது. என் கை அதிலிருந்து வெளியே வந்தது.

"விட்டுருச்சு" என்றான். "அம்மிணி, விட்டுருச்சு."

இரண்டு பேரும் அழுதோம். அண்ணி வந்து நடுவில் உட்கார்ந்து அவரும் அழுதார். பிறகு உப்புமா கொடுத்தார், தீய்ந்துபோயிருந்தது.

மார்ச் 12, செவ்வாய்

ஒரு தடவையில் போகிற காரியமா இது? மறுபடி இறுகிவிட்டதாம். ஆஸ்பத்திரி முடிந்து நேரே கணபதிக்குப் போனேன். கண்ணாடி, கை, "புடி", "விடு". முந்தாநாளைவிடச் சீக்கிரம் விட்டான்.

மார்ச் 16, சனி

போனேன். விட்டான்.

மார்ச் 21, வியாழன்

அங்கேயே சாப்பாடு ஆகிவிடுகிறது. சாயங்காலம் ஆனால் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். இன்று விரல்களைத் தானாகவே விரித்தான். நான் தொடக்கூட இல்லை. அந்தக் கை இப்போது சின்னதாகிவிட்டதாம், குழந்தைக் கை மாதிரி. முழங்கைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம்.

"பாவம் அது" என்றான்.

இன்று தியேட்டரில் ஒரு கட்டைவிரல் கேஸ். புஷ்பம் கேட்டார், "விரல் விரிச்சாச்சா மேடம்?" நீங்களே வந்து பாருங்க சிஸ்டர் என்றேன். ஒன்றும் புரியாமல் வந்து பார்த்தார். இனி அவர் பார்த்துச் சொன்னால்தான் ஊசி.

மார்ச் 27, புதன்

கிளம்பிப் பையை மாட்டிக்கொள்ளும்போது போன் வந்தது. அண்ணன்தான். போன் கீழே விழவில்லை. இடது கை பழகிவிட்டது.

"இன்னைக்கு வர வேண்டாம் அம்மிணி" என்றான்.

"ஏண்ணா, வலி ஜாஸ்தியா?"

"இல்ல. நல்லாத் தூங்கினேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா கையக் காணோம். புடிக்கவும் இல்ல, விடவும் இல்ல. முழங்கைக்குப் பக்கத்துல இருந்துச்சே, அங்கயும் இல்ல. தேடித் தேடிப் பாத்துட்டேன்."

"வலி போயிருச்சுல்ல" என்றேன்.

"போயிருச்சு. கையும் போயிருச்சு அம்மிணி" என்றான், இன்றைக்குத்தான் வெட்டினார்கள் என்கிற மாதிரி. அதன் பிறகு விசும்பல் மட்டும் வந்தது. கை எடுத்த அன்றுகூட அவன் இப்படி அழவில்லை. அன்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவள் நான். பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்று அழுதேன். கண்ணாடியை எடுத்துட்டுப் போறியா என்று கேட்டான். இருக்கட்டும், இன்னொரு நாள் வந்து எடுத்துக்கறேன் என்றேன். நான் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் அண்ணன்தான் முதலில் வைத்தான்.